பல் போன வழி

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டூத்பேஸ்ட் கம்பெனிக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. கிளினிக் அலமாரியில் சும்மாவே கிடந்தது. வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். எழுதுவதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தர்ஷினியைக் கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு இன்று காலையில் தென்காசி வந்து இறங்கினேன். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அங்கே செல்போன் கிடையாது. வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் வரிசையில் நின்று விடுதி போனில் பேசிக்கொள்ளலாம்.

"நானே உன்னைக் கூப்பிடுதேம்மா. நீ ஆபீசுக்குப் போன் போட்டு வார்டன் உயிரை வாங்காதே. முதல் வாரமே என் மானம் போயிரும்" என்றாள்.

"நான் ஏன் கூப்பிடப்போறேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பக்கத்துல காலேஜே இல்லாமப் போச்சு பாரு. உனக்கு என்னை விட்டுப் போனாப் போதும்" என்று ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது.

அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கெட்டில் சாமான் நிறைய இருந்தது. திரும்பியிருக்க முடியாது.

அவர் காலமானதிலிருந்து இந்த வீட்டில் நானும் அவளும்தான். இன்று குளியலறைக் கதவைத் தட்டிக் கத்தவேண்டிய வேலை இல்லை. டிவி ரிமோட்டும் என் கையில். போனும் தொந்தரவு தரவில்லை. 'லோன் வேணுமா மேடம்' என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? கிளம்புகிறதுக்கு முன்னால் தர்ஷினிதான் என் போனில் ஏதோ அமுக்கிக் கொடுத்தாள். பேர் பதியாத நம்பர் எதுவும் இனிமேல் மணி அடிக்காது. என்ன நிம்மதி!

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் பியூலா மேடம் கிளினிக்கில் எல்லா வேலையும் நான்தான். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, பல் ராவும்போது எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளை வேகவைப்பது, கம்ப்யூட்டர்.

முன்பெல்லாம் பல்லுக்கு அளவெடுக்க வாய் நிறையப் பசையை அப்புவோம். இப்போது பேனா மாதிரி ஒரு கேமரா. அதை வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் கம்ப்யூட்டரில் பல்வரிசை அப்படியே எழும்பி நிற்கும். அந்த ஃபைலை எஃப்.டி.பி. என்கிற புரோகிராம் வழியாக மதுரையில் உள்ள பல் லேபுக்கு நான் அனுப்புவேன். அவர்கள் பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்து பஸ் பார்சலில் போடுவார்கள்.

நான் லீவில் இருந்தபோது நெட் கம்பெனியை மாற்றியிருக்கிறார்கள். சுவரில் நான்கு கொம்பு வைத்த புதுப் பெட்டி, பச்சை விளக்கோடு ஜம்மென்று இருக்கிறது. ரொம்ப வேகமாம்.

இன்று அனுப்புவதற்கு ஃபைல் எதுவும் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

போன் வரவில்லை. புது இடம், ஆயிரம் வேலை இருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

பட்டிமன்றப் பேச்சாளர் திருமலைக்கொழுந்து சார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். கடலைமிட்டாயைக் கடித்திருக்கிறார். மிட்டாய் முழுசாக இருக்கிறது, முன்பல் பாதியாகிவிட்டது.

"பதினாலாம் தேதி வணிகர் சங்க விழாம்மா. இத்தனை வருஷமாப் பேசுதேன், முதல் தடவையா ஒரு அணிக்கு என்னைத் தலைவராப் போட்டிருக்கான்" என்றார். அவர் 'சங்கம்' என்றபோது விசில் அடித்தது.

"என்ன சார் தலைப்பு?"

"குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் பேசுவதா, பேசாமல் இருப்பதா?"

"நீங்க எந்தப் பக்கம்?"

"பேசாமல் இருப்பதே" என்று மூச்சுவிடாமல் பத்து நிமிஷம் அதன் பெருமையைப் பேசினார். மேடம் வாயைத் திறக்கச் சொல்லி ஊசி போட்ட பிறகுதான் ஓய்ந்தார்.

மேடம் பல்லை ராவி, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப் ஒட்டினார். "சத்தம் போட்டுப் பேசாதீங்க, இது சும்மா பேருக்குத்தான். நிஜக் கேப் மதுரையிலிருந்து வரணும்" என்றார். நான் ஸ்கேன் ஃபைலை அனுப்ப உட்கார்ந்தேன்.

அங்கேதான் வம்பு. பாஸ்வேர்டு போட்டதும் 'வருக' என்று உள்ளே விட்டது. அதற்கப்புறம் எப்போதும் லேபின் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும். இன்று வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'நேரம் முடிந்தது' என்று கைவிரித்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி 'வருக'. மறுபடி வட்டம்.

கல்யாண வீட்டில் வாங்க வாங்க என்று கூப்பிட்டுப் பந்தியில் உட்கார்த்தி, இலை போடாமல் விட்டது மாதிரி.

லேபில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் நஸ்ரின். இரண்டு வருஷமாகக் கிளினிக் போனில் பழக்கம், முகம் பார்த்ததில்லை. "எங்க சர்வர் நல்லாத்தான்க்கா இருக்கு. மத்த கிளினிக்கெல்லாம் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்க உள்ள வந்ததும் தெரியுது. வந்துட்டு ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்றாள்.

நானா சும்மா நிற்கிறேன்?

செப்டம்பர் 4, வியாழன்

இன்றும் வட்டம் சுற்றியது. ஃபைல் பெரிசு, மெயிலில் ஏறாது. வாட்ஸப், அது இது என்று வேறு வழியில் அனுப்பினால் லேப் முதலாளி வாங்கமாட்டார். முன்னொரு தடவை அப்படி வாங்கி, ஒருவருடைய பல் இன்னொருவருக்குப் போய்விட்டதாம். மேடம்தான் "பென்டிரைவ்ல போட்டு மதுரை பஸ்ல விடு செண்பகம், நான் அவர்கிட்டச் சொல்லிக்கிடுதேன்" என்றார். கண்டக்டரிடம் கவரைக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டேன். நேற்றும் இன்றும் தீரவே இல்லை. யாரும் பேசாத போனில் சார்ஜ் எப்படித் தீரும்?

செப்டம்பர் 5, வெள்ளி

நஸ்ரின் போன் செய்தாள். சிரிப்பில் பாதி வார்த்தை புரியவில்லை.

"அக்கா, பென்டிரைவ் வந்துருச்சு. பல்லைக் காணோம். ஒரு பொண்ணு மயில் வேஷம் கட்டி ஆடுது."

தர்ஷினி பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் ஆடியது. கிளினிக் கம்ப்யூட்டரில் அது எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. பல் இருந்த ஃபோல்டருக்குப் பக்கத்து ஃபோல்டரில் எப்படி இருந்தது என்றும் தெரியவில்லை.

"உங்க பொண்ணாக்கா? அந்த நடுவுல தோகை விரிக்கிற இடம் சூப்பர். எங்க ஆளுங்க எல்லாரும் பாத்துட்டாங்க."

"சின்ன வயசு வீடியோ. தெரியாம ஏறியிருக்கும். வேற ஒண்ணு அனுப்புதேன்."

"வேணாம்க்கா. மயிலோட ஒரு வைரஸும் வந்திருக்கு. இனிமே ஒரு பென்டிரைவும் உள்ள வரக்கூடாதுன்னு முதலாளி குதிக்கிறாரு. எந்த கிளினிக்கா இருந்தாலும் எஃப்.டி.பி.யில வந்தாத்தான் உண்டுங்கிறாரு. நாளைக்கு நான் ஃப்ரீ. நீங்க திரையில என்ன வருதுன்னு வரிவரியாப் படிங்க, ஒரு கை பாத்துருவோம்."

போன் இல்லை. அவள் போன் இல்லை என்று சொல்கிறேன். நஸ்ரின்தான் தினமும் கூப்பிடுகிறாளே.

செப்டம்பர் 6, சனி

காலையில் கொழுந்து சார் உள்ளங்கையை மூடிக்கொண்டு வந்தார். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறார். "சபையோரே!" என்று ஆரம்பித்ததும் பிளாஸ்டிக் கேப் பறந்துபோய்ச் சம்சாரத்தின் சாம்பாரில் விழுந்துவிட்டது. "கரண்டியால துழாவி எடுத்தோம்மா. அவ இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கா. என் கட்சிதான் சரி. பேசினா இதான் கதி." மேடம் கழுவி மறுபடி ஒட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள நிஜக் கேப் வந்தாகணும் செண்பகம்" என்று என்னைப் பார்த்தார். நான்தான் ராவின மாதிரி.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நஸ்ரினோடு உட்கார்ந்தேன். திரையில் ஓடுகிற வரிகளை வாசித்தேன். அவள் திடீரென்று, "நிறுத்துங்கக்கா! பி.ஓ.ஆர்.டி.ன்னா போட்டிருக்கு? அதான் விஷயம். உங்க புரோகிராம் ஆக்டிவ்ல இருக்கு" என்றாள்.

"ஆக்டிவா இருக்கது நல்லதுதானே?"

"அதான் இல்ல. இது ரெண்டு போன் கால் போட்டு வேலை செய்யும்க்கா. முதல் கால் பேச்சுக்கு. 'நான் தென்காசி கிளினிக், இது பாஸ்வேர்டு, பல்லு கொண்டாந்திருக்கேன்'னு சொல்றது. அதை நீங்கதான் போடுறீங்க. அது சரியாத்தான் இருக்கு. ரெண்டாவது கால் சரக்குக்கு. ஃபைலு, ஃபைலோட பட்டியல், எல்லாம் அந்த ரெண்டாவது கால்லதான் போகும். அந்த ரெண்டாவது காலை யாரு போடுறதுங்கிறதுலதான் வித்தியாசம்."

"யாரு போடணும்?"

"ஆக்டிவ்ங்கிறது மிஸ்டு கால் மாதிரி. 'இந்த நம்பர்ல காத்துக்கிட்டு இருக்கேன், நீ என்னைத் திருப்பிக் கூப்பிடு'ன்னு உங்க கம்ப்யூட்டர் எங்க சர்வர்கிட்ட சொல்லுது. எங்க சர்வர்தான் திருப்பிக் கூப்பிடணும்."

"கூப்பிடலையே!"

"கூப்பிடுதுக்கா! சொன்ன நம்பருக்குச் சொன்னபடி கூப்பிடுது. உங்க புதுப் பெட்டி இருக்கே, அது வாட்ச்மேன். உள்ள இருக்கவுங்க யாரு வெளிய போனாலும் கேக்கமாட்டான். வெளியிலேருந்து முன்னப்பின்ன தெரியாத ஆள் வந்தா கேட்டோட திருப்பி அனுப்பிருவான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது, அதான் அவன் வேலை. பழைய பெட்டி கொஞ்சம் விவரமானவன். எஃப்.டி.பி. ஆளு வந்தா அடையாளம் கண்டுபிடிச்சு விட்டுருவான் போல. இவனுக்கு அது தெரியல."

"அப்போ எனக்கு இங்கே மணியே அடிக்காது."

"அடிக்காது. நீங்க, 'ஏன் இன்னும் கூப்பிடல'ன்னு காத்துக்கிட்டு இருப்பீங்க. எங்க சர்வர், 'கூப்பிட்டா எடுக்கமாட்டேங்கிறாங்களே'ன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்."

பாவம், அந்த சர்வர்.

இதற்கு மருந்து பாசிவாம். அதில் சர்வர் திருப்பிக் கூப்பிடாது. 'என்கிட்ட இந்த நம்பர் திறந்திருக்கு, நீயே வா' என்று ஒரு வாசலைச் சொல்லும். நாமே இரண்டாவது தடவையும் கூப்பிட்டுச் சரக்கை இறக்கவேண்டும். உள்ளேயிருந்து வெளியே போகிறதுதானே, வாட்ச்மேன் கண்டுகொள்ளமாட்டான்.

நஸ்ரின் சொன்ன இடத்தில் ஆக்டிவை எடுத்துப் பாசிவ் என்று மாற்றினேன். மறுபடி 'வருக'. மறுபடி வட்டம்!

"அய்யய்யோ" என்றாள். "இப்போ இடிக்கிறது எங்க பக்கம்க்கா. சர்வர் ஒரு வாசலைச் சொல்லுது, ஆனா எங்க வாட்ச்மேன் அந்த வாசலைப் பூட்டி வச்சிருக்கான். மத்த கிளினிக்கெல்லாம் ஆக்டிவ்லயே வர்றதால இதுவரைக்கும் யாரும் பாக்கல. முதலாளிகிட்ட கேட்டுத் திறக்கணும். அவரு ஜன்னலைத் திறக்கவே யோசிப்பாரு."

தர்ஷினியிடமிருந்து இன்றும் போன் இல்லை. ஒரு வாரமாகிறது. அம்மா இருக்கிறாளா, செத்தாளா என்று கேட்க ஒரு நிமிஷம் கிடைக்காதா? நான் கூப்பிடமாட்டேன். 'நானே கூப்பிடுதேன்' என்றவள் அவள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடு துடைத்தேன். மிக்ஸி கழுவினேன். சாரல் விட்டு விட்டுப் பெய்தது. தர்ஷினியின் அலமாரியை ஒழுங்கு செய்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. மறுபடியும் செய்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

முதலாளி மாட்டேன் என்றாராம். நஸ்ரின் மதியச் சாப்பாட்டைக் கூட விட்டுவிட்டு அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். "எல்லா வாசலையும் திறக்கச் சொல்லலக்கா. ஒரு சின்ன வரிசை மட்டும் ஒதுக்குவோம், சர்வர் அதுலேருந்து மட்டும் நம்பர் சொல்லட்டும், மத்ததெல்லாம் பூட்டியே கிடக்கட்டும்னு சொல்லியிருக்கேன். யோசிக்கிறேன்னாரு. அவரு யோசிக்கிறேன்னா பாதி சரின்னு அர்த்தம்."

முகம் தெரியாத என் நோயாளி ஒருவருக்காக ஒருத்தி மதுரையில் சண்டை போடுகிறாள். தென்காசி அல்வா வாங்கி அனுப்பவேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போய்விட்டது! பல் போய்விட்டது!

பத்தரை மணிக்கு நஸ்ரின் கூப்பிட்டு, "திறந்தாச்சு, போடுங்க" என்றாள். 'வருக' வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஃபோல்டர்கள் எல்லாம் கொலு மாதிரி வரிசையாக நின்றன. கொழுந்து சாரின் ஃபைலைத் தூக்கிப் போட்டேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரை போனது. நான் போட்ட சத்தத்தில் நாற்காலியில் படுத்திருந்த ஆள் பல் பிடுங்கியாகிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மேடத்துக்கே சிரிப்பு.

"வந்துருச்சுக்கா! அருமையான பல்லு" என்றாள் நஸ்ரின். அப்புறம், "சர்வர் எழுதி வச்சிருக்கிற கணக்கை இப்பத்தான் பாக்குறேன். உங்களை எத்தனை தடவை கூப்பிட்டுருக்கு தெரியுமா? புதன்கிழமையிலேருந்து வரிவரியா இருக்கு. கூப்பிட்டேன், பதில் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. படிக்கவே பாவமா இருக்குக்கா."

நான் என் செல்போனைக் கையில் எடுத்தேன்.

"நஸ்ரின்" என்றேன். "தெரியாத நம்பர் அடிக்காதபடி போன்ல ஒண்ணு போடுவாங்கல்லா, அதுவும் இப்படி எழுதி வைக்குமா?"

"வைக்குமே. எந்த போன் வச்சிருக்கீங்க?"

அவள் வழி சொல்லச் சொல்ல அமுக்கிக்கொண்டே போனேன். தடுத்த அழைப்புகள் என்று ஒரு பட்டியல் வந்தது. லோன்காரர்கள் நடுவே ஒரே ஒரு நம்பர் திரும்பத் திரும்ப. கோயம்புத்தூர் நம்பர். ஒரு சாயங்காலம் விடாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலைந்து தடவை.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடம் வந்து தண்ணீர் கொடுத்தார். "இன்னைக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போ செண்பகம்" என்றார்.

சாயங்காலம் அந்த நம்பருக்கு நானே போட்டேன். வார்டன் எடுத்தார். மானம் போனால் போகட்டும் என்று, "தர்ஷினி அம்மா பேசுதேன்" என்றேன்.

"வரிசையிலதான் நிக்கிறா. தினமும் நிப்பா, ஒரு நிமிஷத்துல வச்சுட்டுப் போயிடுவா. இந்தாங்க."

"அம்மா?"

"ஏட்டி..." என்றேன்.

"இப்பத்தான் உனக்குக் கோவம் போச்சா?"

"யாருக்குக் கோவம்? நீதான் பக்கெட்டைத் தூக்கிட்டு, திரும்பியே பாக்காமப் போன."

"திரும்பினா அழுதிருப்பேன்மா. மாடியில சீனியர்ஸ் எல்லாரும் நின்னுட்டு இருந்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "டெய்லி கூப்பிடுதேன். ஒரு ரிங்கூடப் போகாம பிஸின்னு வருது. நீ வேணும்னே கட் பண்ணுதன்னு நினைச்சேன். கிளினிக் நம்பர் என் போன்லதான் இருக்கு, அதைப் பூட்டி வச்சிருக்காங்க. உன் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம்."

"உன்னை எவ என் போன்ல தெரியாத நம்பரை அடைக்கச் சொன்னா?"

அந்தப் பக்கம் இருந்து "ஐயோ, அம்மா!" என்று ஒரு கூச்சல். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். யார் முதலில் அழ ஆரம்பித்தது என்று தெரியவில்லை. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களாம். அறைத்தோழி தூக்கத்தில் கணக்குப் போடுகிறாளாம். பின்னால் நின்றவர்கள் 'போதும்டி' என்று கத்தும் வரை பேசினோம்.

போனை வைக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்கிடாதே. நீ போனது எனக்குப் பெருமைதான்."

"தெரியும்மா" என்றாள்.

செப்டம்பர் 10, புதன்

அந்தத் தடையை எடுத்துவிட்டேன். காலையிலேயே ஒரு பையன், "லோன் வேணுமா மேடம்" என்றான். "வேண்டாம்ப்பா. சாப்பிட்டியா? எந்த ஊரு? அம்மாகிட்டப் பேசினியா?" என்று கேட்டேன். அவனே வைத்துவிட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதல் பஸ்ஸில் கேப் வந்தது. பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு: 'மயிலுக்கு என் அன்பு. நஸ்ரின்.' நேற்று அல்வா அனுப்பியிருந்தேன், அதற்குப் பதில் மரியாதை போல.

பல் அப்படியே பொருந்தியது. மேடம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எது நிஜம், எது செஞ்சதுன்னு எனக்கே தெரியல" என்றார். கொழுந்து சார் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "சபையோரே, சான்றோரே, சங்கத்துச் செயலாளரே" என்று அத்தனை சகரத்தையும் ஓட்டிப் பார்த்தார். விசில் இல்லை. முன்வரிசையில் எனக்கும் மேடத்துக்கும் நாற்காலி போடச் சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்டபம் நிரம்பி, வெளியே குடை பிடித்துக்கொண்டும் நின்றார்கள். மேடம் பட்டுச் சேலையில் வந்திருந்தார். கொழுந்து சாரின் முறை வந்தபோது போன் அடித்தது. விடுதி.

"அம்மா, என்ன சத்தம்?"

"பட்டிமன்றம். நான் பல்லு அனுப்பினேன்னு சொன்னேன்லா, அவரு பேசுதாரு. நீ பேசாதே, கேளு" என்று போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

பேசாமல் இருப்பதன் மகிமையைக் கொழுந்து சார் முழங்கினார். நடுவர் மணி அடித்தார், நிறுத்தவில்லை. இரண்டாம் மணி அடித்தார், நிறுத்தவில்லை. "அய்யா, நீங்கள் உங்கள் கட்சிக்கே துரோகம் செய்கிறீர்கள்" என்றார் நடுவர். சார் ஒரு வினாடி நிதானித்து, "நடுவர் அவர்களே, வீட்டில் பேசாமல் இருக்கிறவன் வேறு எங்கேதான் பேசுவான்?" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அவர் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இங்கே சிரிப்பு அடங்கிய நேரத்தில் என் கையில் சிரிப்பு கேட்டது. தர்ஷினி மட்டும் இல்லை. ஒரு கூட்டமே. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் போல. பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், நடுவில் வார்டன் குரலும். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனை மறைக்கவில்லை.

"யாருடி அவரு, செமயாப் பேசுறாரு?" என்று அங்கே ஒருத்தி கேட்டாள்.

என் மகள் குரல் பளிச்சென்று வந்தது. "அவரு யாரோ. ஆனா அந்தப் பல்லு எங்கம்மா அனுப்பினது."